கூரை ஒழுகுகிறது, மேலே தார்ப்பாய் போட்டு மூடினால் போதுமா?

வாசகர் கேள்வி, 04.08.2024

ஊரில் அப்பாவும் அம்மாவும் இருப்பது கீற்று வீடு. கீற்று மாற்றி ஒன்றரை வருடம் ஆகிறது. சமையல்கட்டு ஓரமாக ஒழுகுகிறது என்கிறார்கள். ஐப்பசிக்குள் முழுக்க மாற்ற இப்போது வசதி இல்லை. மேலே ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டால் ஒரு வருடம் ஓடாதா? மழை படாமல் காப்பாற்றினால் கீற்று நிற்கும்தானே?

04.08.2024, இரவு

நிற்காது. தயவுசெய்து மூடாதீர்கள்.

எங்கள் வீடு பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலுக்குப் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தபோது முகடு மொத்தமும் பிய்த்துக்கொண்டு போனது. மேற்குச் சரிவு மட்டும் அப்படியே நின்றது. அதில் கீற்று மாற்றி நாலு மாதம்கூட ஆகவில்லை. சாய்ந்த தென்னைகளின் மட்டை வழியெல்லாம் கிடந்தது, முடைய ஆள் இல்லை. ஆள் கிடைத்தபோது மட்டை காய்ந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு வெட்ட மரமே இல்லை. நிவாரணத்தில் வந்த தார்ப்பாயை வீடு முழுக்க, நல்ல சரிவையும் சேர்த்து, இழுத்துக் கட்டினோம். அடுத்த ஆடியில்தான் அவிழ்த்தோம்.

ஒரு சொட்டு மழை படாத அந்த மேற்குச் சரிவுக் கீற்றைக் கையில் எடுத்தால் புட்டு மாதிரி உதிர்ந்தது. உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். புயலுக்கு நின்ற கூரை தார்ப்பாய்க்கு நிற்கவில்லை.

வீட்டுக்குள்ளிருந்தும் ஈரம் வருகிறது. சோறு வடிக்கிற ஆவி, மண்தரையின் ஈரம், படுத்திருப்பவர்களின் மூச்சு எல்லாம் மேலேதான் போகும். கீற்று அதை வெளியே விட்டுவிடும். தார்ப்பாய் விடாது. விடியற்காலையில் அதன் அடியில் வியர்த்து, அந்த நீர் திரும்பவும் கீற்றின் மேலேயே சொட்டும். வெயில் ஏறினாலும் காய வழி கிடையாது. நனைந்து காய்கிற கீற்று இரண்டு வருடம் தாங்கும். நனைந்தபடியே கிடக்கிற கீற்று ஒரு மழைக்காலம் தாங்காது.

முதலில் எங்கே கெட்டிருக்கிறது என்று பாருங்கள். எப்படிப் பார்ப்பது என்று நாளைக்கு எழுதுகிறேன்.

05.08.2024

கூரை பார்க்கிறேன் என்று முதல் வேலையாக ஏணி போட்டு மேலே ஏறாதீர்கள். பாதி சேதம் பார்க்க ஏறுகிற காலால்தான் வரும். காய்ந்த கீற்றை ஒரு மிதி மிதித்தால் முடைச்சல் விட்டுவிடும், அந்த இடம் அடுத்த மழைக்குச் சொட்டும். உள்ளேயிருந்து பாருங்கள்.

உச்சி வெயில் நேரம், பன்னிரண்டிலிருந்து ஒரு மணிக்குள். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டுத் தரையில் மல்லாந்து படுங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் ஆகும். அதுவரை ஒன்றும் தெரியாது. அப்புறம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரியும். முகட்டிலிருந்து கீழே சரிந்து வருகிற கழி கைமரம், அதன் குறுக்கே கீற்றைக் கட்டுகிற மெல்லிய கழி வரிச்சு. எந்தக் கைமரத்துக்கும் எந்தக் கைமரத்துக்கும் நடுவே, கீழிருந்து எத்தனையாவது வரிச்சு என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் அம்மாவின் மளிகைக் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதுவோம்.

கீழே படுத்திருக்கும்போதே தரையையும் பாருங்கள். மூங்கிலுக்கு நேர் கீழே மஞ்சளாக, கடலை மாவு தூவினது மாதிரி பொடி கிடந்தால் மூங்கில் உளுக்கிறது என்று அர்த்தம். தினமும் பெருக்குகிற வீட்டில் இது தெரியாமலே போய்விடும். இரண்டு நாள் அந்த மூலையைப் பெருக்காமல் விடச் சொல்லுங்கள். கீற்று கெட்டால் மழைதான் வரும், மூங்கில் கெட்டால் கூரையே தலையில் வரும். அதை முதலில் பாருங்கள்.

05.08.2024, சாயங்காலம்

ஒருவர் கேட்டிருக்கிறார்: மூங்கில் ஏற்கெனவே உளுத்துவிட்டால் மருந்து அடிக்கலாமா? உளுத்தது உளுத்ததுதான், மாற்றுங்கள். புதிதாகப் போடுவதை வெட்டினவுடன் ஏற்றாமல் மூன்று நான்கு வாரம் குளத்தில் ஊறல் போட்டு, நிழலில் காயவைத்துப் போடுங்கள். மூங்கிலில் உள்ள மாவுச்சத்து நீரில் இறங்கிவிடும். பூச்சி தின்ன வருவது அதைத்தான். குளத்திலிருந்து எடுக்கும்போது நாறும். காய்ந்தால் போய்விடும்.

11.08.2024

நேற்று ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் கூரையையும் கையால் பார்த்துவிட்டு வந்தேன், அதைச் சொல்கிறேன்.

இறவாணத்தில், அதாவது கூரையின் கீழ் ஓரத்தில், கை எட்டும். விரல்களைச் சேர்த்துக் கீற்று அடுக்குக்கு நடுவே, கீழிருந்து மேலாக நுழையுங்கள். பாம்பு, பூரான் பயம் இருக்கிறது. ஆகவே முதலில் ஒரு குச்சியால் தட்டிவிட்டு, அப்புறம் கையை விடுங்கள். நல்ல கீற்று விரலைத் தடுக்கும். ஓலை விளிம்பு சுருக்கென்று கீறும், உள்ளே போகப் போக இறுக்கம் கூடும். கெட்ட கீற்றில் விரல் தடையில்லாமல் போகும். வெளியே எடுத்தால் நகக்கண்ணில் கறுப்பாகப் பொடி ஒட்டியிருக்கும், மக்கின குப்பையின் வாசனை வரும்.

எங்கள் கூரையில் தெற்குப் பக்கம் முதல் முழம் வரை நல்ல இறுக்கம். அதற்கு மேல் ஒரு இடத்தில் மெத்தென்று பட்டது. பயந்துகொண்டே விலக்கிப் பார்த்தால் அணில் கூடு. தேங்காய் நார், பழைய துணி நூல், அம்மாவின் சேலைக் கிழிசல்கூட இருந்தது. குட்டிகள் இல்லை, போன வருடக் கூடு. எடுத்துவிட்டேன். கூடு இருக்கிற இடத்தில் தண்ணீர் கீழே வழியாது, பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதைச் சுற்றி ஒரு சாண் கீற்று கறுத்துப் போயிருந்தது.

அப்புறம் முகடு. முகடுதான் முதலில் போகும், அதை வீட்டுக்கு எதிரே தள்ளி நின்று பார்க்க வேண்டும். முகடு ஒரே நேராக இருக்க வேண்டும். நடுவில் தொய்ந்திருந்தால் உள்ளே முகட்டைத் தாங்குகிற வளை மரம் இறங்கியிருக்கிறது. வளை நேராக இருந்து, மேலே மூடின கீற்று மட்டும் மெலிந்து எலும்பு தெரிவது மாதிரி மட்டை தெரிந்தால், முகட்டை மட்டும் மாற்றினால் போதும். முழுக்கூரைக்குக் கொடுக்கும் கூலியில் கொஞ்சம்தான் ஆகும். கேள்வி கேட்டவர் இதைக் கவனிக்க வேண்டும். ‘முழுக்க மாற்ற வேண்டும்’ என்று கூரையைப் பார்க்காமலே முடிவு செய்கிறவர்கள்தான் அதிகம்.

கட்டு தளர்ந்த இடங்களை நைலான் கயிற்றால் இறுக்கிவிடுங்கள். தென்னங்கயிறு மாதிரி மக்காது.

18.08.2024

ஆடி முடிந்தது. காற்றில் தூக்கின கீற்றை இந்த மாதத்துக்குள் அமுக்கிக் கட்டிவிடுங்கள். மேலே மூங்கிலைப் பிளந்த பிளாச்சு குறுக்கே வைத்து, உள்ளே வரிச்சோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கடலோரத்தில் பழைய மீன்வலையைக் கூரை மேல் விரித்து, ஓரத்தில் கல் கட்டித் தொங்கவிடுவார்கள். நல்ல முறை. வலை காற்றையும் விடும், ஈரத்தையும் விடும், கீற்றை மட்டும் விடாது.

25.08.2024

11ஆம் தேதி நைலான் கயிறு என்று எழுதியதைத் திருத்துகிறேன்.

எங்களுக்குக் கூரை கட்டுகிற அண்ணனிடம் அதைச் சொன்னேன். அவர் மறுபேச்சு பேசாமல் என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய், போன வருடம் நானே நைலானில் கட்டின நாலு முடிச்சைக் காட்டினார். இரண்டு தளர்ந்து வளையல் மாதிரி தொங்கியது. இறவாணத்தில் வெயில் பட்ட ஒன்றை விரலால் தேய்த்தார். பொடியாகக் கொட்டியது.

“மூங்கில் காய்ஞ்சா இளைக்கும் தம்பி. நைலானுக்குப் பிடிமானம் கிடையாது, வழுக்கிட்டு நிக்கும். நாரை ஊறவெச்சுக் கட்டினா காய்ஞ்சு விறைச்சுக்கும், மூங்கில்ல பல்லு மாதிரி கவ்விக்கும்” என்றார்.

தென்னங்கயிறு மக்கும் என்று நான் எழுதியதும் அரை உண்மைதான். கீற்று இரண்டு வருடத்தில் மாறப்போகிறது, கயிறு அதுவரை தாங்கினால் போதும். எங்கள் கூரையில் கீற்று பிரித்தபோது கயிறு நன்றாகவே இருந்தது. பனை நார் கிடைக்கிற ஊரில் அது இன்னும் நல்லது.

01.09.2024

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அங்கே முடைந்த கீற்றைக் கிடுகு என்பார்கள், வேலிக்கும் அதுதான். ‘எங்கட பக்கம் பனையோலை வேய்ந்தால் கிடுகைவிட நீண்ட காலம் இருக்கும், நீங்கள் ஏன் அதைப் பேசவில்லை’ என்று கேட்கிறார்.

உண்மை. பனையோலை தடிப்பு, தென்னங்கீற்றைப் போல இரண்டு மடங்காவது நிற்கும். எங்கள் தாத்தா காலத்தில் பின்கட்டு பனையோலைதான். இப்போது மரம் ஏறி ஓலை வெட்ட ஆள் கிடைப்பதில்லை, பனையும் குறைந்துவிட்டது. வீட்டைச் சுற்றித் தென்னை இருக்கிறவன் கீற்றுக்குத்தான் போவான்.

பிரித்த பழைய ஓலையைத் தோட்டத்தில் புதைத்து எருவாக்குவதையும் சொன்னார். புகையிலைத் தோட்டங்களுக்கு அப்படிப் போடுவார்களாம். நாங்கள் பழைய கீற்றை வெந்நீர் அடுப்பில்தான் எரிக்கிறோம். இந்த முறை பிரிக்கிறபோது பாதியையாவது தென்னம்பாத்தியில் போட அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

15.09.2024

பல பேர் ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள்: முன்பெல்லாம் சமையல்கட்டுக் கூரைதான் ரொம்ப நாள் உழைக்கும், இப்போது அதுதான் முதலில் போகிறது, ஏன்?

புகை. விறகடுப்பு எரிந்தவரை எங்கள் சமையல்கட்டின் உள்பக்கம் தார் பூசினது மாதிரி கறுத்து மினுமினுக்கும். ஒட்டடைகூடக் கறுப்பு நூலாகத் தொங்கும். அந்தப் புகைக்கு மூங்கிலில் பூச்சி ஏறாது, எலி தங்காது, ஈரமும் சூட்டில் உலர்ந்துவிடும். கேஸ் அடுப்பு வந்து மூன்றாவது வருடம் அந்த மூங்கிலில் முதல் தடவையாக உளுப் பார்த்தோம். அம்மாவின் இருமல் நின்றது, மூங்கில் உளுத்தது. இருமல் நின்றதே பெரிது. மூங்கிலை மாற்றிக்கொள்ளலாம்.

அதனால் வாரம் ஒரு நாள் புகை போடலாமா என்று கேட்பவர்களுக்கு: எங்கள் பக்கத்து ஆட்களிடம் இதை லேசாகச் சொல்ல முடியாது. 2004 ஜூலை 16 கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பற்றின தீ கீற்றுக் கூரைக்கு ஏறி 94 குழந்தைகள் போனார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுத்தார்கள். எங்கள் அம்மா அந்த வாரமே அடுப்புக்கு மேலே தகரம் அடிக்கச் சொன்னார். அப்பாவும் நானும் கயிற்றில் தொங்கவிட்டோம். இன்றும் இருக்கிறது.

புகை போட்டே ஆக வேண்டுமென்றால் அடைமழை நாளில், கூரை வெளியே நனைந்திருக்கும்போது, மண்சட்டியில் கங்கு வைத்து வேப்பிலை போடுங்கள். தணல் அணையும்வரை ஒரு பெரிய ஆள் பக்கத்திலேயே, வாளித் தண்ணீரோடு உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து போக வேண்டிய வேலை இருந்தால் அன்றைக்குப் போட வேண்டாம்.

இதைவிட முக்கியமான ஒன்று. கூரைக்குள் போகிற மின்சார வயரைப் பாருங்கள். கைமரத்தோடு சணலில் கட்டின வயரை எலி கடித்துச் செம்பு தெரிகிறதா என்று, மெயினை நிறுத்திவிட்டு, முழு நீளமும் பாருங்கள். பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, கீற்றில் படாமல் சுவரோடு கொண்டுவருவது நல்லது. எங்கள் வீட்டில் ஒரே வயரில் மூன்று இடம் கடித்திருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

06.10.2024

ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: ‘தார்ப்பாய் போடாதே என்று சொல்லிவிட்டீர்கள். கையில் காசு இல்லை. இன்னும் பத்து நாளில் மழை. நான் என்ன செய்ய?’

நியாயம். ஆகஸ்டில் ஒரே போடாகச் சொல்லிவிட்டேன், இப்போது யோசித்துச் சொல்கிறேன். மேலே போர்த்துவதுதான் கெடுதல். முழுக்கூரைக்கும் வேண்டாம், ஒழுகுகிற பத்தியில் மட்டும் பழைய கீற்றின் மேல் பிளாஸ்டிக் தாளையோ பழைய பிளெக்ஸ் பேனரையோ விரித்து, அதன்மேல் ஒரே ஒரு வரிசை புதுக் கீற்று போடுங்கள். வெயில் தாளில் படாது, காற்றும் தூக்காது. தாளின் மேல் ஓரத்தை முகடுவரை கொண்டுபோகாமல் ஒரு முழம் கீழேயே, மேல் வரிசைக் கீற்றுக்கு அடியில் சொருகிவிடுங்கள். முகட்டு வழியாக ஆவி போக வேண்டும். தாளுக்கு அடியில் இருக்கிற பழைய கீற்று எப்படியும் கெடும், ஆனால் இந்த மழை தாண்டிவிடும். பொங்கல் கழித்துப் பிரித்துப் பாருங்கள்.

அக்கம்பக்கத்தில் மட்டை கிடைத்தால் நீங்களே முடையலாம். மட்டையை நடுவே பிளந்து இரண்டு மூன்று நாளாவது குட்டையில் ஊறவையுங்கள். பச்சையாக முடைந்தால் காயும்போது இடைவெளி விட்டுவிடும்.

30.10.2024

நாளைக்குத் தீபாவளி. சாயங்காலம் நாலு மணிக்கு முகடு சொதசொதவென நனையும்வரை தண்ணீர் அடியுங்கள். சாக்கை நனைத்து ஏணியோடு சார்த்தி வையுங்கள். ராக்கெட் விடுகிற பிள்ளைகளைத் திட்டாதீர்கள், வயல் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள்.

27.11.2024

இரண்டு நாளாக விடாமல் பெய்கிறது. விடுப்பு போட்டுவிட்டு ஊரில் இருக்கிறேன்.

இந்த மழையை வீணாக்காதீர்கள். சொட்டுகிற இடத்தில் சட்டி வைப்பதோடு நிற்காமல், டார்ச்சை எடுத்துக்கொண்டு அந்தச் சொட்டு எந்த வழியாக வருகிறது என்று மேலே தொடர்ந்து போங்கள். தண்ணீர் பொத்தலுக்கு நேர் கீழே விழாது. வரிச்சில் ஒட்டிக்கொண்டு நடந்து, கைமரத்தில் இறங்கி, கட்டுக்கயிறு இருக்கிற இடத்தில்தான் சொட்டும். எங்கள் கூடத்தில் அம்மா குண்டான் வைத்த இடத்துக்கும், தண்ணீர் உள்ளே நுழைந்த இடத்துக்கும் நாலடி தூரம். நுழைந்த இடத்தில் வரிச்சின் மேல் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். எட்டாத இடத்தில் நீளக் கழியின் முனையில் துணி சுற்றிச் சுண்ணாம்பில் தோய்த்துப் போட்டேன். ஒன்பது கோடு.

01.12.2024

மழை விட்டது. நோட்டில் ஆகஸ்டில் குறித்த வெளிச்சப் பொட்டுகளையும் இந்த ஒன்பது கோடுகளையும் சேர்த்துப் பார்த்தேன். பொருந்தியது மூன்று இடம்தான்.

ஆகவே ஆகஸ்ட் 5ஆம் தேதிக் குறிப்பை இப்படித் திருத்திப் படியுங்கள். வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் ஒழுகுவதில்லை. கூரையின் சரிவு வாட்டம் நன்றாக இருந்தால் சின்னப் பொட்டின் வழியாகத் தண்ணீர் நுழையாமல் ஓலை மேலேயே வழிந்து போய்விடுகிறது. மீதி ஆறு கோட்டில் இரண்டு முகட்டில். நாலு, கூடத்துச் சரிவும் சமையல்கட்டுச் சரிவும் சேருகிற கூடல்வாயில். அங்கே ஒரு பொட்டு வெளிச்சமும் ஆகஸ்டில் தெரியவில்லை. கீற்று அவ்வளவு தடிப்பு. ஆனால் ஏணியில் ஏறிப் பார்த்தால் வேப்பஞ்சருகு ஒரு சாண் உயரத்துக்கு அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு சரிவின் தண்ணீரும் அங்கே வந்து, போக வழியில்லாமல் தேங்கி, அடுக்கடுக்காக உள்ளே இறங்கியிருக்கிறது. சருகுக்கு அடியில் மண்புழு இருந்தது.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. முதல் நாள் கேள்வி கேட்டவர் ‘சமையல்கட்டு ஓரமாக’ என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். அங்கே இரண்டு கூரை சேருகிறதா, பக்கத்தில் மரம் இருக்கிறதா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். நாலு மாதம் என்னென்னவோ எழுதியிருக்கிறேன். தம்பி, நீங்கள் இன்னும் இதைப் படித்துக்கொண்டிருந்தால் அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

08.12.2024

தம்பி பதில் போட்டிருக்கிறார். கூடல்வாய்தான். பக்கத்தில் மரம் புளி. அப்பா ஏணியில் நின்றபடியே தென்னம்மட்டையால் சருகைத் தள்ளிவிட்டிருக்கிறார். அன்று ராத்திரி மழையில் மூன்று சட்டிக்குப் பதில் ஒரு சட்டிதான் வைத்தார்களாம்.

அந்த ஒரு சட்டிக்கு: தை பிறந்து வெயில் வந்ததும் கூடல்வாயில் மட்டும் கீற்றைப் பிரித்து, நடுவில் மடித்த தகரம் ஒன்றை மேலிருந்து கீழ்வரை படுக்கவையுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு முழமாவது உள்ளே போக வேண்டும். இரண்டு துண்டாக இருந்தால் மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் ஏறட்டும். இரண்டு சரிவின் கீற்றும் தகரத்தின் மேல் தொங்கட்டும், நடுவில் நாலு விரல் அகலம் திறந்திருக்கட்டும். அந்த நாலு விரல்தான் சருகு போகிற வழி. புளி ஒரேயடியாக இலை கொட்டாது, கொட்டிக்கொண்டேயிருக்கும். அதனால் புரட்டாசியில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை அப்பாவை மட்டையோடு ஏணியில் நிற்கச் சொல்லுங்கள். கீழே ஏணியைப் பிடிக்க ஒருவர் வேண்டும்.

எங்கள் கூடல்வாய்க்குத் தகரம் வாங்கியாகிவிட்டது. அடுப்புக்கு மேலே தொங்குகிற பழைய தகரத்தை எடுத்துப் போடலாமே என்று அம்மாவிடம் கேட்டேன். அதைத் தொடாதே என்றார்.